மணிக் கணக்கு

(நமது உபசபையின் குடும்ப சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எழுபத்தைந்து வயதுக்காரனைப் பேசக் கூப்பிட்டால் அவன் சர்க்கரை வியாதி பற்றியோ, சந்தியாவந்தனம் பற்றியோ பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நானும் அப்படித்தான் தயாராக இருந்தேன். செயலாளர்தான் தடுத்தார். "மாமா, உங்க மருமான் கதையைச் சொல்லுங்கோ. நம்ம ஜில்லாவிலேயே இப்போ நாலைஞ்சு பசங்க ஏர்ஃபோர்ஸிலும் நேவியிலும் இருக்கா. அவா அப்பா அம்மாவுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றார். ஆகவே இன்றைய விஷயம் இதுதான்: ராணுவத்தில் விமானம் ஓட்டியவர் பயணி விமானத்துக்கு மாறும்போது, அவருடைய அனுபவம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, எங்கே குறைகிறது, அந்தக் குறையை எப்படி நிரப்புவது.

நான் விமானி அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, எடை அளவுத் துறையில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டியவன். தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை வைத்த கை இது. விமானத்தைப் பற்றிப் பேச எனக்கு ஒரே ஒரு யோக்யதைதான் உண்டு. எதை அளந்தாலும், "இந்த அளவு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை?" என்று கேட்கும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

முதலில் நம் மண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். திருவனந்தபுரத்தில் விமான நிலையம் உண்டாக முயற்சி எடுத்தவர் கர்னல் கோதவர்ம ராஜா, ஜி.வி. ராஜா என்றால் எல்லோருக்கும் தெரியும். 1935-ல் டாட்டா கம்பெனியின் சிறிய ஃபாக்ஸ் மாத் விமானம் ஒன்று அங்கே வந்து இறங்கியது. மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாளுக்கு வைஸ்ராயின் பிறந்தநாள் வாழ்த்தைக் கொண்டு வந்த அது, நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூர் அஞ்சல் பைகளோடு பம்பாய்க்குத் திரும்பிற்று. அதை ஓட்டியவர் நெவில் வின்சென்ட் என்ற வெள்ளைக்காரர்.

இந்த வின்சென்ட் யார்? பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவர். படையை விட்ட பிறகு இந்தியாவில் ஊர் ஊராக விமானம் ஓட்டி, பணம் கட்டியவர்களை ஏற்றிக் காட்சி காட்டிப் பிழைத்தார். அப்படிச் சுற்றும்போதுதான் தபால் விமான யோசனையை ஜே.ஆர்.டி. டாட்டாவிடம் கொண்டு போனார். 1932 அக்டோபர் 15-ஆம் தேதி கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. ஓட்டி வந்தார், பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு வின்சென்ட் ஓட்டிப் போனார். பிறகு ஏர் இந்தியாவாக வளர்ந்தது அந்தச் சேவைதான். அதாவது நம் நாட்டுப் பயணி விமான சரித்திரத்தின் முதல் பக்கத்திலேயே, படையிலிருந்து மாறி வந்த ஒரு விமானி இருக்கிறார். புதிய விஷயம் அல்ல இது.

வின்சென்ட் காலத்தில் கையில் திறமை இருந்தால் போதும். இன்று திறமைக்குக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தின் பெயர் லாக் புக்.

இனி என் மருமான் கதை. தங்கையின் பிள்ளை. பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான், வேண்டாம். 2005-ல் ஷார்ட் சர்வீஸ் கமிஷனில் விமானப்படைக்குப் போனான். பறக்கும் பிரிவில் ஷார்ட் சர்வீஸ் என்றால் 14 வருஷம். ஹைதராபாத் பக்கம் துண்டிகல்லில் முதல் பயிற்சி. அதன் பிறகு பயிற்சி மாணவர்களை ஃபைட்டர், டிரான்ஸ்போர்ட், ஹெலிகாப்டர் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். இவனுக்கு ஆசை டிரான்ஸ்போர்ட், கிடைத்தது ஹெலிகாப்டர். மலைச் சிகரங்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் சுமந்தான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் செங்கன்னூர்ப் பக்கம் மொட்டை மாடிகளில் நின்றவர்களைத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன். அன்று டி.வி. முன்னால் உட்கார்ந்து என் தங்கை அழுத அழுகையும், பட்ட பெருமையும் எனக்கு மறக்காது.

2019-ல் 14 வருஷம் முடிந்து வெளியே வந்தான். ஷார்ட் சர்வீஸ்காரர்களுக்கு பென்ஷன் கிடையாது. மொத்தமாக ஒரு தொகை தருவார்கள், அவ்வளவுதான். வயது முப்பத்தாறு, இரண்டு குழந்தைகள். ஒரு சாயங்காலம் பாறசாலையில் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, இரண்டு லாக் புக்குகளை என் மடியில் வைத்தான்.

"மாமா, இதுல ரெண்டாயிரத்து அறுநூறு மணி இருக்கு. ஆனா ஏர்லைன் கணக்குல பார்த்தா நூறு மணி கூட இல்லை. தராசு பிடிச்சவர் நீங்க. திரும்பியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கறது புத்திசாலித்தனமா, இல்லே வீம்பா? சொல்லுங்கோ."

பக்கத்தில் நின்ற என் தங்கைக்குப் பொறுக்கவில்லை. "பதினாலு வருஷம் பறந்தவனுக்கு இன்னும் பறக்கத் தெரியலைங்கறாளா? யாரு அப்படிச் சொல்றது?" என்றாள்.

அவள் கேட்ட கேள்வி நியாயமானது. பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரத்தில் நான் படித்ததையும், பிறகு அவன் பட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நம் நாட்டில் விமானி உரிமம் தருவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், டி.ஜி.சி.ஏ. சம்பளத்துக்கு விமானம் ஓட்ட முதல் படி கமர்ஷியல் பைலட் லைசன்ஸ். அதற்கு 200 மணி நேரம் விமானத்தில் பறந்திருக்க வேண்டும். கேப்டனாக உட்கார அடுத்த படி ஏர்லைன் டிரான்ஸ்போர்ட் பைலட் லைசன்ஸ். அதற்கு 1500 மணி. இந்த 1500 என்ற எண் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. சர்வதேச அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. வைத்த அளவும் அதுவே.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மொத்தம் 1500 இருந்தால் மட்டும் போதாது. அதற்குள் தானே பொறுப்பேற்று ஓட்டியது இத்தனை, ஊர் விட்டு ஊர் போனது இத்தனை, இரவில் பறந்தது இத்தனை, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறந்தது இத்தனை என்று தனித்தனி அறைகள் உண்டு. ஓர் அறையில் நிரம்பி வழிவதை இன்னொரு அறைக்கு மாற்ற முடியாது. நம் வீட்டு அஞ்சறைப்பெட்டி மாதிரி. கடுகு நிறைய இருக்கிறது என்பதற்காக மிளகு இல்லாத ரசம் வைக்க முடியுமா?

ஹெலிகாப்டர்காரர்களுக்கு வருகிற சிக்கல் இதுதான். உரிமத்தில் 'விமானம்' என்பது ஒரு வகை, 'ஹெலிகாப்டர்' என்பது வேறு வகை. ஹெலிகாப்டர் மணிகளை மொத்தக் கணக்கில் எவ்வளவு சேர்க்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் 'விமானத்தில்' என்று கேட்கிற மணிகளுக்கு எங்கேயும் விமானம்தான் ஓட்டியாக வேண்டும். என் மருமானுக்கு துண்டிகல்லில் ஆரம்பத்தில் ஓட்டிய சொற்ப மணிகள் மட்டுமே அந்த அறையில் இருந்தன.

ஃபைட்டர்காரர்களின் சிக்கல் வேறு விதம். அவர்கள் ஓட்டுவது விமானம்தான், ஆனால் ஒருமுறை மேலே போனால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடுவார்கள். மணி சேருவது துளித்துளியாகத்தான். 2024 பிப்ரவரி 27-ஆம் தேதி, நம் தும்பாவில் ககன்யான் வீரர்கள் நால்வரை நாட்டுக்கு அறிமுகம் செய்தார்களே, நினைவிருக்கிறதா? நால்வரும் விமானப்படையின் டெஸ்ட் பைலட்கள். அவர்களில் பாலக்காட்டு நென்மாறைக்காரரான பிரசாந்த் நாயருக்கு அன்று சுமார் 3000 மணி. சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனுக்கு சுமார் 2900. மற்ற இருவருக்கும் சுமார் 2000. அந்த இருவரில் ஒருவரான சுபான்ஷு சுக்லா 2025-ல் விண்வெளி நிலையத்துக்கே போய் வந்துவிட்டார். நாடே தேர்ந்தெடுத்த மாணிக்கங்களுக்கு இருபது வருஷத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் மணிதான்.

பயணி விமானத்தில் ஒருவர் வருஷத்துக்கு 1000 மணிக்கு மேல் பறக்கக் கூடாது என்பது விதி. மும்முரமாகப் பறக்கும் துணை விமானி ஒருவர் மூன்று நான்கு வருஷத்தில் அந்த 3000-ஐ எட்டிவிடலாம். அதனால் அவர் டெஸ்ட் பைலட்டுக்குச் சமமாகிவிடுவாரா? மாட்டார். டெஸ்ட் பைலட் அப்படியே வந்து 180 பேரை ஏற்றிக்கொண்டு போய்விடலாமா? அதுவும் முடியாது. மணி என்ற சொல் ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு இரண்டு.

பழைய ஆட்களுக்கு இது எளிதில் விளங்கும். நம் திருவிதாங்கூரில் நாழி, இடங்கழி, பறை என்று அளந்துகொண்டிருந்த காலத்தில் லிட்டர் வந்தது. இடங்கழியில் அளந்த அரிசி பொய் அல்ல. ஆனால் கடையில் லிட்டர் கேட்கிறவனுக்கு இடங்கழியை நீட்ட முடியாது. மாற்றித்தான் கொடுக்க வேண்டும். மாற்றும்போது முழு எண்ணாக வராது, கொஞ்சம் ஒட்டும், கொஞ்சம் உதிரும்.

டிரான்ஸ்போர்ட் பிரிவில் இருந்தவர்களுக்கு மாற்றம் ஓரளவு சுலபம். சூலூரில் ஆன்டனோவ்-32 ஓட்டியவருக்கும், சி-17 ஓட்டியவருக்கும் இரண்டு பேர் சேர்ந்து ஓட்டும் பழக்கம், நீண்ட தூரப் பயணம், இரவுப் பயணம் எல்லாம் ஏற்கெனவே உண்டு. அரக்கோணத்தில் கடற்படையின் பி-8ஐ விமானங்கள் இருக்கின்றன. அவை போயிங் 737-800 என்ற பயணி விமானத்தையே அடிப்படையாகக் கொண்டவை. ஆனாலும் டி.ஜி.சி.ஏ. பரீட்சை, சிவில் உரிமம், அந்த விமான ரகத்துக்கான டைப் ரேட்டிங் எல்லாம் அவர்களுக்கும் தனியாக வேண்டும்.

சரி, இந்த மணிக் கணக்கு உண்மையிலேயே திறமையைக் காட்டுகிறதா? 2009 பிப்ரவரி 12-ஆம் தேதி அமெரிக்காவில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் என்ற சிறு கம்பெனியின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதன் பலனாக ஒரு சட்டம் வந்தது. அதன்படி 2013 முதல் துணை விமானிக்கும் 1500 மணி கட்டாயமாயிற்று. இதில் ஒரு வேடிக்கை: விழுந்த விமானத்தின் கேப்டன், துணை விமானி இருவருக்குமே 1500 மணிக்கு மேல் இருந்தது! மணி குறைந்ததால் நடந்த விபத்து அல்ல அது. ஆனால் சட்டம் எழுதுகிறவருக்கு எண்ணக்கூடியதாக ஏதாவது வேண்டும். மணியை எண்ணலாம், விவேகத்தை எண்ண முடியாது.

அதே அமெரிக்கச் சட்டம் படையிலிருந்து வருகிறவர்களுக்கு 750 மணி போதும் என்கிறது. கல்லூரியில் நான்கு வருஷம் விமானக் கல்வி படித்தவருக்கு 1000. ஆக, மணிக்குள் இருக்கும் சரக்கு வேறு வேறு என்பதை அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். இன்னொரு சிறு விஷயமும் சொல்கிறேன். சிவில் கணக்கில், புறப்படுவதற்காகச் சக்கரம் அசைந்த நேரத்திலிருந்து இறங்கி நிற்கும் வரை பறப்பு நேரம். பல நாட்டுப் படைகளில் தரையை விட்டு எழும்பியது முதல் தரையைத் தொட்டது வரைதான் எழுதுவார்கள். ஆகையால் அங்குள்ள ஏர்லைன்கள் சில, படை விமானியின் ஒவ்வொரு பறப்புக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கின்றன. அளவுக்காரனான எனக்கு இதைப் படித்தபோது பரம சந்தோஷம். அளக்கும் கோலின் நுனி எங்கே தொடங்குகிறது என்பதில்தான் பாதி சண்டை!

இப்போது கொஞ்சம் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். மணி சேர்ப்பதை விடவும் பெரிய வேலை ஒன்று உண்டு. பழைய பழக்கத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பிரிப்பது.

1977 மார்ச் 27-ஆம் தேதி, டெனெரிஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். விமான சரித்திரத்தில் மிகப் பெரிய விபத்து அது. அனுமதி வராமலே கிளம்பிய விமானத்தின் கேப்டன், அந்தக் கம்பெனியின் மூத்த பயிற்சியாளர். எதிர் விமானம் இன்னும் பாதையில் இருக்கிறதோ என்று அவருடைய ஃப்ளைட் எஞ்சினியர் சந்தேகம் கேட்டார். பெரியவர் கவனிக்காமல் மேலே போய்விட்டார். இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகுதான், காக்பிட்டில் இளையவர் பேச வேண்டும், மூத்தவர் கேட்க வேண்டும் என்பதை ஒரு பாடமாகவே சொல்லித் தர ஆரம்பித்தார்கள். அதற்கு க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் என்று பெயர்.

நமக்கு அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2020 ஆகஸ்ட் 7-ஆம் தேதி இரவு, கொட்டும் மழையில், துபாயிலிருந்து வந்த விமானம் கோழிக்கோட்டில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. இரண்டு விமானிகளையும் சேர்த்து 21 பேர் போனார்கள். கேப்டன் தீபக் சாட்டே விமானப்படையில் டெஸ்ட் பைலட்டாக இருந்தவர், அகாடமியில் ஸ்வார்ட் ஆஃப் ஹானர் வாங்கியவர், பத்தாயிரம் மணிக்கு மேல் பறந்தவர். நாற்காலியில் உட்கார்ந்து அப்படிப்பட்டவரைக் குறை சொல்ல நான் யார்? அந்த மழையில் அந்த நிமிஷத்தில் என்ன இருந்தது என்பது போனவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் 2021-ல் வந்த விசாரணை அறிக்கை ஒன்றைப் பதிவு செய்கிறது. விமானம் ஓடுபாதையில் ஏறக்குறைய பாதி தூரம் கடந்துதான் தரையைத் தொட்டது. 'கோ அரவுண்ட்', அதாவது இறங்காமல் மறுபடி மேலே போவோம் என்று துணை விமானி சொல்லியிருக்கிறார். அந்த அறிக்கை படையில் இருந்தவர்களுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. எத்தனை ஆயிரம் மணி இருந்தாலும், பக்கத்து ஸீட்டின் குரல் காதில் விழ வேண்டும் என்பது எல்லோருக்கும் உரிய பாடம்.

படையில் ஒரு காரியத்தை எப்படியாவது முடித்துவிட்டு வா என்று சொல்லித் தருவார்கள். நாட்டுக்கு அது வேண்டும். பயணி விமானத்தில், முடியாது என்று தோன்றினால் திரும்பிப் போ, வேறு ஊரில் இறங்கு, யாரும் உன்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று சொல்லித் தருகிறார்கள். இரண்டும் தைரியம்தான். இரண்டாவது தைரியத்தைப் பழக நாள் பிடிக்கும்.

ஒரு வாரம் கழித்து மருமானிடம் நான் சொன்னது இதுதான்: "உன் ரெண்டாயிரத்து அறுநூறு மணி வீணில்லை. அது உன் கைக்குள்ளேயும் தலைக்குள்ளேயும் இருக்கு. ஆனா உரிமம் கேட்கிற அளவு வேற. அந்த அளவுல காலியா இருக்குன்னா, நிரப்பித்தான் ஆகணும். அதுல அவமானம் என்ன? நாங்க வருஷா வருஷம் தராசுக்கு முத்திரை வைக்கறோம். போன வருஷம் சரியா இருந்த தராசுதானே, இந்த வருஷம் எதுக்குன்னு எந்த வியாபாரியும் கோவிச்சுக்கறதில்லை."

வேறு வழியும் இருந்தது, அதையும் சொன்னேன். கடலுக்குள் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஹெலிகாப்டர் வேலைகள் உண்டு. அங்கே இவனுடைய மணிகள் முழுசாகச் செல்லும். அது மட்டமான வழி அல்ல, பலர் கௌரவமாக அதில் இருக்கிறார்கள். இவன் யோசித்துவிட்டு, துண்டிகல்லில் கிடைக்காததை இப்போது முயற்சி செய்கிறேன் என்றான். மனைவிக்கு பாங்க் உத்தியோகம். "ரெண்டு வருஷம் நான் பார்த்துக்கறேன்" என்று அவள் சொன்னாள். இந்தக் கதையில் யாருக்காவது பதக்கம் கொடுக்க வேண்டுமானால் அவளுக்குத்தான் கொடுப்பேன்.

ஒரு பறக்கும் பள்ளியில் சேர்ந்தான். பக்கத்தில் இருந்ததெல்லாம் இருபது வயதுப் பையன்கள். பனிமலையில் ராட்சச ஹெலிகாப்டரை இறக்கியவன், ஒற்றை எஞ்சின் ஸெஸ்னாவில் வட்டமடித்தான். ஏர் நாவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன் என்று பரீட்சை எழுதினான். ரேடியோவில் பேசும் சான்றுக்கு அப்போது தொலைத்தொடர்புத் துறையிடம் போக வேண்டியிருந்தது. 2025 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த புதிய விமானச் சட்டம் அதையும் டி.ஜி.சி.ஏ.யிடம் கொடுத்துவிட்டது.

மணி நிரம்பும் சமயத்தில் கொரோனா வந்தது. 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டு விமானமே இல்லை. பிறகும் யாரும் ஆள் எடுக்கவில்லை. கையில் இருந்த தொகை கரைந்தது. அந்தக் காலத்தில் என் தங்கை என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். நான்தான் பிள்ளையைக் கெடுத்தேன் என்று அவளுக்கு. எனக்கும் ராத்திரியில் தூக்கம் வராது. தப்பான எடைக்கு முத்திரை வைத்துவிட்டோமோ என்று தோன்றும்.

2022-ல் வழி திறந்தது. டைப் ரேட்டிங் முடித்து, பயிற்சியாளர்களோடு பறந்து, துணை விமானியாக உட்கார்ந்தான். அப்போது அவனுக்கு முப்பத்தொன்பது வயது. முதல் மாதத்தில் ஒரு நாள் அமைந்த கேப்டனுக்கு முப்பத்தொன்று. இவன் பழக்க தோஷத்தில் 'சார்' என்றிருக்கிறான். அந்தப் பையன் திரும்பிப் பார்த்து, "சார், படையில நீங்க எனக்கு எவ்வளவோ சீனியர். இன்னிக்கு நான் ஏதாவது தப்புப் பண்ணினா தயங்காம உடனே சொல்லணும், சரியா?" என்றானாம். இதை எனக்கு போனில் சொல்லும்போது மருமானின் குரல் கம்மியது. "மாமா, படையில பதினாலு வருஷத்துல நான் எனக்குக் கீழே இருந்த யார்கிட்டேயாவது இப்படிச் சொல்லியிருக்கேனான்னு யோசிச்சுப் பார்த்தேன்" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவன் ஏர்லைன் விமானி ஆனான் என்று நான் நினைக்கிறேன். இப்போது தோளில் மூன்று பட்டை. விமான மணி 1500-ஐத் தாண்டிவிட்டது. நான்காவது பட்டைக்கு வரிசையில் நிற்கிறான். தங்கையும் என்னோடு பழையபடி சண்டை போட ஆரம்பித்துவிட்டாள்.

படையில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர்களுக்கு நாலே நாலு வார்த்தை.

ஒன்று: லாக் புக்கை வெளியே வரும் வருஷத்தில் தேட வேண்டாம். இரவு, கருவி, பொறுப்பு விமானி என்று தனித்தனியாக முதல் நாளிலிருந்தே எழுதி, பிரிவு அதிகாரியின் கையெழுத்தும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பிரிவு மாறிய பிறகு பழைய கையெழுத்துக்கு அலைவது எத்தனை கஷ்டம் என்பது அரசாங்க உத்தியோகம் பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு: டி.ஜி.சி.ஏ. பரீட்சைகளைப் பணியில் இருக்கும்போதே, அனுமதி பெற்று எழுதத் தொடங்கலாம். வெளியே வந்த பிறகு ஒவ்வொரு மாதமும் கைக்காசு.

மூன்று: கடைசி வருஷங்களில் மேஜை உத்தியோகத்தில் மாட்டிக்கொண்டால் மணி பழசாகிவிடும். உரிமத்துக்கும் வேலைக்கும் சமீபத்திய மணிகளையும் கேட்பார்கள். உடம்பும் அப்படித்தான். கிளாஸ் ஒன் மெடிக்கல் ஒருமுறை தேறினால் முடிந்துவிடாது. திரும்பத் திரும்ப வரும். நெய் ரோஸ்ட்டை அளவோடு கொடுங்கள்.

நான்கு: மாறுகிற காலத்துக்கு இரண்டு வருஷச் சாப்பாட்டுச் செலவு தனியே இருக்கட்டும். விமானத் தொழில் ஒரு வருஷம் மாலை போடும், மறு வருஷம் கதவைச் சாத்தும். சாத்தின கதவு திறக்கும் வரை தாங்க வேண்டும்.

முடிப்பதற்கு முன் நம் ஊர்ப் பெண்மணி ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். 1924-ல் பாறசாலையில் பிறந்த ஸ்ரீமதி பொன்னம்மாள். எத்தனை தலைமுறைக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்தவர்! ஆனால் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடுவது வழக்கத்தில் இல்லை. 2006-ல்தான் அந்தக் கதவு திறந்தது. முதலில் உட்கார்ந்து பாடிய பெண் அவர்தான். வயது எண்பத்தொன்று. அதற்கு முன் அவர் பாடிய மணிகளை எந்தப் புத்தகம் எழுதி வைத்தது? ஆனால் அன்று அவர் வாயைத் திறந்தபோது அத்தனை மணியும் வந்து நின்றது. 2021-ல் அவர் மறைந்தார்.

அளக்கிறவர்கள் அவர்கள் கோலால் அளக்கட்டும். அது அவர்கள் கடமை. கேட்ட அளவை முகம் சுளிக்காமல் நிரப்பிக் கொடுப்போம். கணக்கில் ஏறாமல் நின்ற மணி எங்கேயும் போய்விடாது, வேண்டிய நேரத்தில் வந்து கை கொடுக்கும்.

 இலை போட்டாகிவிட்டது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார்.